ஆறிய எஞ்சினைத் திறந்து பாருங்கள்

ஸ்கார்ப்பியோ 2002-ல் வந்தது. அதற்கு முன்பே 1998-ல் டாடா சஃபாரியும் 2000-ல் பொலேரோவும் வந்துவிட்டன. உயரமான, கம்பீரமான வண்டி ஒன்று வாசலில் நிற்க வேண்டும் என்ற ஆசை அப்போதிருந்தே நம் ஊர்களில் பலருக்கு உண்டு. அன்று விலை எட்டவில்லை. இன்று பத்து, பன்னிரண்டு வயதான எஸ்யூவி, புதிய சின்ன கார் ஒன்றின் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. வாங்கப் போகிறவர்கள் பெயின்டைத் தடவிப் பார்க்கிறார்கள், டயர் பட்டனைப் பார்க்கிறார்கள், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று குனிந்து பார்க்கிறார்கள். அந்த எஞ்சின் இதுவரை எத்தனை முறை கொதித்திருக்கிறது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முதல் கேள்வியே அதுதான்.

டீசல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை கூலன்ட்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். அந்த வேலை சில நிமிடங்கள் நின்றால் போதும், எஞ்சினுக்குச் சேதம் ஆரம்பித்துவிடும். இப்போதைய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உட்காரும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளையும், நடுவில் இருக்கும் கேஸ்கட் பிடிமானம் இழக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைவே தலைவலிக்குப் போதுமானது.

ஆகவே விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "நாளைக் காலையில் வருகிறேன், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் பானட்டைத் தூக்கி எஞ்சின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் வண்டி பார்ப்பதை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போடுங்கள். காலை முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையும் சத்தமும் சூடான எஞ்சினில் தெரியாது. தவிர, சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

எஞ்சின் முழுக்க ஆறியிருந்தால் ரேடியேட்டர் மூடியை, சில மாடல்களில் எக்ஸ்பான்ஷன் டேங்க் மூடியை, மெதுவாகத் திருப்புங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் அப்போது 'புஸ்' என்று காற்று வெளியேறினால் கவனம் தேவை. சிலிண்டருக்குள் எரியும் வாயு கேஸ்கட் வழியே கூலன்ட் பாதைக்குள் புகுந்து தங்கியிருக்கலாம். மூடியின் உள்பக்க ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. பிரஷர் குக்கரைப் போலத்தான் இதுவும்: மூடி ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சில நூறு ரூபாய் மூடி கெட்டுப்போனதால் எஞ்சினையே பிரிக்க நேர்ந்த வண்டிகள் உண்டு.

அடுத்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பச்சையோ சிவப்போ நீலமோ, கூலன்ட் கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும். ஒரு விரலை நனைத்துக் கட்டைவிரலோடு உரசிப் பாருங்கள். துருப்பொடி நெருடுகிறதா, எண்ணெய் வழுக்குகிறதா என்று தெரிந்துவிடும். செங்காவி நிறத்தில் கலங்கல் இருந்தால் அந்த வண்டி வெறும் தண்ணீரில் ஓடியிருக்கக்கூடும். நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் பிளாக்கின் உட்சுவரிலும் படிந்து வெப்பத்தைப் போகவிடாமல் தடுக்கும். ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டி அடைக்கிற பழக்கம் ஓட்டுநர்களிடம் இருக்கிறது. நடுவழியில் நிற்பவருக்கு அது கைகொடுக்கலாம். அடைத்த தூள் ரேடியேட்டருக்குள்ளேயே தங்கிவிட்ட வண்டியை வாங்குகிறவருக்கு அதனால் தொல்லைதான்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ரேடியேட்டரின் மேல்பக்கத்துக்குப் போகும் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். ஃபேனும் பெல்ட்டும் சுற்றுகின்றன, கையையும் துணியையும் அவற்றின் பக்கம் கொண்டு போகாதீர்கள். சில நிமிடங்கள் ஹோஸ் குளிர்ச்சியாகவே இருந்து, தெர்மோஸ்டாட் திறந்ததும் சட்டென்று சூடாக வேண்டும். பெரும்பாலான எஞ்சின்களில் அது 80 டிகிரியைத் தாண்டித்தான் திறக்கும். முதல் நிமிடத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து ஹோஸும் மெல்ல மெல்லச் சூடானால், தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று அதை எடுத்துவிடும் மெக்கானிக்குகளோடு எனக்கு உடன்பாடே இல்லை. டீசல் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடினால் தேய்மானமும் கூடும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். அதைவிடப் பெரிய கேள்வி, அதை ஏன் கழற்றினார்கள் என்பது. சூடு ஏறுகிறது என்ற புகாரை மறைக்கச் செய்திருந்தால் மூலக் கோளாறு இன்னும் உள்ளேயே இருக்கிறது.

ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், எஞ்சின் சூடாகும் முன்பே, அதே ஹோஸ் கல்போல் இறுகினாலும், டேங்கில் குமிழிகள் நிற்காமல் வந்தாலும் ஹெட் கேஸ்கட் மேல்தான் சந்தேகம் விழும். உறுதிசெய்ய ஒரு ரசாயனச் சோதனை இருக்கிறது: டேங்கின் வாயில் வைக்கும் குழாயில் நீலத் திரவம் இருக்கும், எரிந்த வாயு கலந்த காற்று பட்டால் அது நிறம் மாறும். நல்ல பட்டறையில் கேட்டுப் பாருங்கள். கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை என்றால், எஞ்சினுக்கே திரும்பும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலரும் உள்ளுக்குள் ஒழுகலாம். கேஸ்கட் என்று முடிவுகட்டும் முன் மெக்கானிக் அதையும் பார்க்க வேண்டும்.

ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் கூலன்ட் கலந்திருக்கலாம். ஆனால் பக்கத்துக் கடைக்கு மட்டுமே போய்வரும் வண்டியில் வெறும் ஈரம் படிந்தும் அப்படி வரும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால் மட்டும் பயப்படுங்கள். டீசல் எஞ்சின் ஆயில் கறுப்பாக இருப்பது குற்றமில்லை. எஞ்சின் ஓடும்போது அந்த மூடியைக் கழற்றி, துவாரத்தின் மேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. புகையோடு தூக்கி எறிந்தால் அது மெக்கானிக்குகள் சொல்லும் 'பேக் கம்ப்ரஷன்'. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துவிட்டன. புகைக்குழாயில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது.

எஞ்சினை நிறுத்திவிட்டு வாட்டர் பம்ப்பின் அடியில் கூலன்ட் காய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். விஸ்கஸ் ஃபேன் உள்ள வண்டியென்றால் ஃபேனைக் கையால் சுற்றுங்கள். சற்றுப் பிடித்தமாகச் சுற்ற வேண்டும். தட்டிவிட்டதும் பல சுற்று தானாக ஓடினால் உள்ளே சிலிகோன் திரவம் போய்விட்டது. முன்பின்னாக ஆடினால் பேரிங் போயிருக்கிறது.

கடைசியாகச் சாலை. நாலு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, குறைந்தது அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஏலகிரியோ கொல்லிமலையோ பக்கத்தில் இருந்தால் ஏற்றிப் பாருங்கள், இல்லாவிட்டால் மதிய நேர நெரிசலில் நில்லுங்கள். டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். பல வண்டிகளில் சூடு பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகினால் உண்மையான எண் மொபைலில் தெரியும். 80-க்கும் 95-க்கும் இடையே இருந்தால் நிம்மதி. ஏற்றத்தில் 100-ஐத் தாண்டி, சமதளத்துக்கு வந்த பிறகும் இறங்காமல் நின்றால் ஏதோ ஒரு கோளாறு இருக்கிறது.

ஹோஸ், பெல்ட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் இவையெல்லாம் பேரம் பேசி விலையைக் குறைக்க வேண்டிய குறைகள். கூலன்டில் எரிந்த வாயு, ஆயிலில் கூலன்ட், பலமான பேக் கம்ப்ரஷன் இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஹெட்டைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் செலவு தெரியும், அந்தச் செலவுக்கு வாங்குகிறவர் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

நல்ல வண்டியாகவே அமைந்தாலும் நீண்ட பயணத்துக்கு முன் பழைய கூலன்டை முழுவதும் வடித்து, உள்ளே அலசிவிட்டு, கம்பெனி சொன்ன வகைக் கூலன்டைச் சுத்திகரித்த நீரோடு கலந்து ஊற்றச் சொல்லுங்கள். மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். ஊற்றிய பிறகு உள்ளே அடைபட்ட காற்றை எடுக்காமல் வண்டியைக் கொடுத்துவிடும் பட்டறைகள் இருக்கின்றன. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை எடுக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, அளவு இறங்கியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.