மலையேறப் போய் ஆற்றங்கரையோடு திரும்பினோம்... குரங்கணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை!

இதழியல் டிப்ளமோ படித்த காலத்தில், மதுரை ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு இரண்டே வேலைதான். துணி துவைப்பது, தூங்குவது. ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை இரவு, 'இந்த வாரம் எங்கயாவது போயே ஆகணும்' என்று ஐந்து பேர் கூடினோம். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப் குரூப் ரெடி. பெயர், 'டாப் ஸ்டேஷன்'. போடி போய், குரங்கணியிலிருந்து நடந்தே மேலே ஏறி, மூணாறு பக்கம் இறங்குவது என்று பிளான்.

மதுரை - போடி பாதையில் ரயில் திரும்ப வந்திருந்த புதிது. அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் நின்றுபோன ரயில், 2023 ஜூன் 15-ல்தான் மறுபடி போடியைத் தொட்டது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று ஜன்னலோரம் வேடிக்கை பார்த்தபடியே போய் இறங்கினோம்.

போடியில் இறங்கியதுமே ஏலக்காய் வாசம். மலையில் விளையும் காயைக் கொண்டுவந்து, பருமன் பார்த்துத் தரம் பிரித்து விற்கிற ஊர். சுற்றிலும் இலவம்பஞ்சும் மாந்தோப்பும் வேறு. இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் குரங்கணிக்குக் கிளம்பினோம். சுமார் 16 கி.மீ தூரம். ஒரு பக்கம் கொட்டக்குடி ஆறு கூடவே வரும். 2010-ல் வந்த 'மைனா' படம் பார்த்தவர்களுக்கு இந்த மலை பழக்கப்பட்டதுதான்.

"புல்லு காஞ்சு கெடக்கு தம்பி!"

குரங்கணியில் டீக்கடை அக்கா எங்கள் முதுகுப்பைகளைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார்.

"மேல போறீகளா? பாஸ் இருக்கா?"

இல்லை என்றோம்.

"அப்ப போகாதீக தம்பி. பாஸ் இல்லாம விட மாட்டாக. புல்லு வேற காஞ்சு கெடக்கு."

எங்களில் ஒருவன் விடுவதாக இல்லை. "ரெண்டு மணி நேரம்தானடா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றான். இன்னொருத்தி "நான் வரலை" என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் வாக்குவாதம். அக்கா டீயை ஆற்றிக்கொண்டே, "அன்னைக்கும் ஞாயித்துக்கெழமதான்" என்றார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அந்த ஞாயிறு

2018 மார்ச் 11. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேற வந்தவர்கள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பாதிக்கு மேல் பெண்கள். வழியில் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. சம்பவ இடத்திலும், அடுத்த வாரங்களில் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்துபோனார்கள்.

சரிவில் பிடிக்கும் தீ, சமதளத்துத் தீ மாதிரி இல்லை. கீழே எரியும் நெருப்பின் சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். அதனால் மேட்டில் ஏற ஏற அதன் வேகம் கூடும். ஆள் உயரப் புல்லுக்குள் எந்தப் பக்கம் ஓடுவதென்றே தெரியாது. பாதை தெரிந்த உள்ளூர் ஆள் கூட இல்லையென்றால் இன்னும் சிரமம்.

விடுமுறைக்கு ஒரு மலை பார்க்கலாம் என்று கிளம்பியவர்கள்தான் அவர்களும். எங்களைப் போலவே.

ஆறே போதும்

நாங்கள் ஆற்றங்கரைக்கு நடந்தோம். மார்ச்சில் தண்ணீர் குறைவுதான். ஆனாலும் பாறை இடுக்கில் கால் நனைக்க ஜில்லென்று இருந்தது. வாங்கிவந்த எலுமிச்சை சாதத்தைப் பிரித்தோம். 'ஏறலாம்' என்று அடம்பிடித்தவன்தான் முதலில் தண்ணீரில் இறங்கினான்.

அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மலைதான். நூறு வருடங்களுக்கு முன்பு, அந்த உச்சியிலிருந்து மூணாறு தேயிலை ரோப்வேயில் கொட்டக்குடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்குப் போயிருக்கிறது. மூணாறிலிருந்து உச்சிக்குச் சரக்கு கொண்டுவர 1902-ல் மோனோரயில் விட்டார்கள். 1908-ல் அது குட்டி ரயில்பாதையானது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மிச்சம். இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே மதியம் முழுக்கப் போனது. தூங்கி எழுந்து, இன்னொரு டீ குடித்து, மாலை ரயிலைப் பிடித்தோம்.

நீங்கள் போவதாக இருந்தால்...

2018 விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. முதற்கட்டமாக 40 பாதைகள். அதில் குரங்கணி - சாம்பலாறு பாதையும் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடியிருந்தார்கள். அதனால் கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூடியிருந்தால், குழந்தைகள், தாத்தா பாட்டியோடு ஊரையும் ஆற்றையும் பார்த்துவிட்டு வரலாம். நீர்வரத்து எப்படி என்று உள்ளூரில் கேட்டுவிட்டு மட்டும் ஆற்றில் இறங்குங்கள்.

திரும்பும் ரயிலில், "அடுத்த தடவ மழை முடிஞ்சதும் பதிவு பண்ணிட்டு வருவோம்" என்றான் அந்த அடம்பிடித்த நண்பன். படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போய்விட்டோம். இன்னும் போகவில்லை. ஆனால், வாட்ஸ்அப் குரூப் பெயரை யாரும் மாற்றவில்லை.