நீ எந்த ஊர்ப் பிள்ளை?

புதிய பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையிடம் முதலில் கேட்கப்படுவது "நீ எந்த ஊர்?" என்பதுதான். இடம்பெயர்ந்து வாழ்ந்த தாய்மாருக்கு இக்கேள்வியின் கனம் தெரியும். பிறந்தது ஓர் ஊர், வளர்ந்தது முகாம், இப்போது இருப்பது இன்னோர் இடம் என்றால் பிள்ளை எதைச் சொல்லும்?

இதே தவிப்பைச் சிறுவர் படக்கதையாக்கியவர் புளோயெல்லா பெஞ்சமின் என்ற பெண்மணி. கரீபியன் தீவான டிரினிடாட்டில் 1949இல் பிறந்தவர். பெற்றோர் முன்னதாக இங்கிலாந்து சென்றுவிட, 1960இல் பத்து வயதில் உடன்பிறப்புகளோடு கப்பலேறினார். போன இடத்தில் நிறத்தைச் சொல்லிப் பரிகசித்தார்கள். அதைத் தாங்கி வளர்ந்த அவர் 2010இல் பிரபுக்கள் சபையின் உறுப்பினரானார். 1995இல் தம் கதையை நூலாக எழுதினார். அது 2020இல் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான படப்புத்தகமாகவும் வந்தது.

கரீபியன் மக்களை ஏற்றிய "விண்ட்ரஷ்" கப்பல் இங்கிலாந்தை அடைந்தது 1948 ஜூனில். அதே 1948இல்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் லயத்தில் பிறந்த குழந்தைக்கும் "உன் நாடு எது?" என்ற கேள்வி காத்திருந்தது.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அக்காவுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று குடும்பங்கள் பிரிந்தன. கோச்சியேறித் தலைமன்னார் போய், கப்பலில் கடல் கடந்தவர்களை நீலகிரியில் "சிலோன்காரர்" என்றார்கள். இங்கே இருந்தவர்களுக்குக் "கள்ளத்தோணி" என்ற பட்டம். 1977, 1983 வன்செயல்களுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன மலையகக் குடும்பங்கள் பல, 2009 வரையான யுத்தத்தில் மீண்டும் மீண்டும் ஓடின. இந்தப் பக்கத்தை வாசிக்கும் சகோதரிகளிலும் அவ்வாறு வந்தவர்கள் இருக்கக்கூடும்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. அதே ஆண்டின் இன்னொரு திருத்தத்தால் தாய்வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கிடைக்க வழி பிறந்தது. அதுவரை தகப்பன்வழி மட்டுமே கணக்கில் எடுக்கப்பட்டது.

ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதாது, சான்றும் கையில் இருக்க வேண்டும். இங்கிலாந்துக்குச் சிறுவயதில் வந்து, அங்கேயே உழைத்து முதுமையடைந்த கரீபியன் மக்கள் பலர், கடதாசி இல்லாத ஒரே காரணத்தால் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018இல்தான் அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது. ஆகவே பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் நாளை பார்ப்போம் என்றிராமல் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பிறப்பே பதியப்படவில்லையானால் காலங்கடந்த பதிவுக்கும் வழியுண்டு. கிராம சேவகரிடம் விசாரியுங்கள்.

சான்றிதழ் உரிமையைக் காக்கும். ஆனால், "நான் இன்னார்" என்ற தைரியத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பது கதைதான். அதற்குக் கடைப் புத்தகம் தேவையில்லை. ஒரு பழைய அப்பியாசக் கொப்பி போதும். முதல் பக்கத்தில் அம்மம்மாவின் கொழுந்துக் கூடையையோ, விட்டுவந்த வீட்டுக் கிணற்றையோ பிள்ளை வரையட்டும். அடுத்த பக்கத்தில் வந்த வழி, பிறகு உதவிய மனிதர்கள், கடைசிப் பக்கத்தில் இன்றைய வீடு. ஒவ்வொரு படத்தின் கீழும் நீங்கள் சொல்லச் சொல்ல அதுவே எழுதட்டும். எழுதத் தெரியாத தாயும் இந்தப் புத்தகத்தின் ஆசிரியையாகலாம். சொல்ல முடியாத துயரத்தை வற்புறுத்திச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும்.

சகோதரிகளே, ஓர் ஊரை மட்டும் சொல்ல இயலாத பிள்ளை ஊரில்லாத பிள்ளையல்ல. கடந்து வந்த ஊர்கள் எல்லாமே அதற்குச் சொந்தம். அதை முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.