விற்றுமுதல் வேறு, இலாபம் வேறு, ரொக்கம் வேறு

கோவை கணபதியிலோ குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலோ லேத் பட்டறை நடத்தும் ஒருவரிடம் தொழில் எப்படி என்று கேட்டால், 'மாதம் 10 லட்சம் ஓடுகிறது' என்பார். கேட்பவர் அதை வருமானம் என்று எடுத்துக்கொள்கிறார். பெண் கொடுக்க வருபவரும் அப்படித்தான். சில வேளைகளில் சொல்பவரே அதை நம்பிவிடுகிறார் என்பதுதான் கவலைக்குரியது.

அந்த 10 லட்சம் விற்றுமுதல். அதாவது, அம்மாதம் எழுதிய பில்களின் கூட்டுத்தொகை. 'முதல்' என்பது நம் வழக்கில் மூலதனத்தையும் குறிப்பதால், போட்ட பணம் என்று பொருள்கொள்ளும் மாணவர்களை ஆண்டுதோறும் சந்தித்திருக்கிறேன். கூலி, மின்கட்டணம், வாடகை, வங்கி வட்டி என 9 லட்சம் போனால் மீதமுள்ள ஒரு லட்சமே இலாபம். சோமனூர், பல்லடம் பகுதிகளில் கூலிக்கு நெய்யும் விசைத்தறியாளரின் நிலை இன்னும் தெளிவானது. நூலும் துணியும் ஜவுளி உற்பத்தியாளருடையவை. தறியிலிருந்து இறங்கும் துணியின் மதிப்பு எவ்வளவாயினும், நெசவுக்கூலி மட்டுமே தறிக்காரரின் விற்றுமுதல்.

இதுவரை பலரும் அறிந்ததே. இலாபத்துக்கும் ரொக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டில்தான் பட்டறைகள் விழுகின்றன.

ஜாப் ஆர்டர் கொடுத்த பெரிய நிறுவனம் 90 நாள் கழித்துப் பணம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கேட்டில் மாதந்தோறும் ஒரு லட்சம் இலாபம் ஏறுகிறது. கைக்கோ மூன்று மாதம் ஒரு ரூபாயும் வரவில்லை. அதற்குள் 27 லட்சம் செலவாகிவிட்டது. இந்த 27 லட்சத்துக்குப் பெயர்தான் நடைமுறை மூலதனம். ஆர்டர் இருமடங்கானால் இத்தேவையும் ஏறத்தாழ 54 லட்சமாகும். தொழில் வளரும்போதே பட்டறை திணறுவதன் காரணம் இதுதான். போதாததற்கு, ஜிஎஸ்டி பொதுவாகப் பில்லின் அடிப்படையிலேயே செலுத்தப்பட வேண்டும்; பணம் வந்ததா என்று அது காத்திருப்பதில்லை. ஈட்டியதையும் கைக்கு வந்ததையும் 'வரவு' என்ற ஒரே சொல்லால் குறிக்கும் நம் பழக்கம் இச்சிக்கலை மறைத்துவிடுகிறது.

சட்டம் இதை அறியாததன்று. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ உடன்பாடு இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். இல்லையேல் 15 நாளுக்குள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால், நாளையும் ஆர்டர் வேண்டியவர் வாடிக்கையாளர் மீது எப்படிப் புகார் கொடுப்பார்?

எனவே 2023 நிதிச் சட்டம் வேறு வழியில் வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு கடந்தும் தராத தொகையை, அதைக் கொடுக்கும் ஆண்டில் மட்டுமே வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம் என்றது. 2023-24 நிதியாண்டின் கணக்கு முதல் இது நடைமுறைக்கு வந்தது. வாங்குபவரின் வரிக்குரிய இலாபத்தை விற்பவரின் ரொக்கத்தோடு முடிச்சுப்போட்ட இந்த ஏற்பாடு சரியானது என்பதே என் கருத்து.

முடிச்சில் ஒரு தளர்வு மட்டும் உண்டு. மே மாதப் பில்லுக்கு அடுத்த மார்ச் 31 அன்று பணம் கொடுத்தாலும், அதே நிதியாண்டு என்பதால், கழிவு பறிபோகாது. பட்டறைக்காரரோ அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் வாரக்கூலி கொடுத்தாக வேண்டும்.