பம்பரமும் யோயோவும் பிள்ளைகளுக்கு என்ன தருகின்றன?

பொத்தானை அழுத்தினால் பாடும், விளக்கு எரியும் பொம்மைகளைத்தான் இன்று பெற்றோர் பலர் வாங்கிக் கொடுக்கிறார்கள். பிள்ளை இரண்டு நாள் அதைச் சுற்றி வரும். மூன்றாம் நாள் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும். பம்பரம், யோயோ, ஜப்பானியரின் கெண்டாமா ஆகியவை வேறு வகையைச் சேர்ந்தவை. இவை தாமாக எதையும் செய்வதில்லை. பிள்ளையின் கை பழகினால் மட்டுமே இவற்றில் உயிர் வரும். அதனால்தான் இவை திறன் விளையாட்டுப் பொருள்கள் எனப்படுகின்றன.

மலேசியாவுக்கு இது புதிதல்ல. 1989-இல் அறிமுகமான 5 காசு நாணயத்தில் பொறிக்கப்பட்டிருந்தது பம்பரம்தான். கிளந்தானில் பெரியவர்கள் விடும் 'காசிங்' ஏறத்தாழ 5 கிலோ எடை கொண்டது. தட்டுப்போல் அகன்றிருக்கும் அதன் விளிம்பில் உலோக வளையம் இருக்கும். ஒருவர் கயிற்றைச் சுற்றி வீசுவார்; இன்னொருவர் சுழலும் பம்பரத்தை மரத்துடுப்பால் அள்ளி ஒரு சிறு கம்பத்தின்மேல் வைப்பார். அது ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுழலும். எடை விளிம்பில் இருக்கும்போது சுழற்சி எளிதில் தளராது என்பதே இதன் சூட்சுமம். நம் தாத்தாக்கள் ஆடிய ஆணிப் பம்பரம் சிறியது என்றாலும் வித்தை குறைந்ததல்ல. சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் சுண்டி மேலே எழுப்பிக் கையில் பிடிக்கும் 'அபீட்டு' ஒன்றே போதும், அதன் நுணுக்கத்தைச் சொல்ல.

யோயோவை அமெரிக்காவில் பிரபலமாக்கியவர் பெட்ரோ ஃபுளோரஸ் என்ற பிலிப்பினோ. 1928-இல் கலிஃபோர்னியாவில் அவர் தயாரிக்கத் தொடங்கிய யோயோவில், கயிறு அச்சில் முடிச்சுப் போடப்படாமல் வளையமாக மட்டுமே மாட்டப்பட்டிருந்தது. அதனால் கீழே இறங்கிய யோயோ உடனே திரும்பாமல் அங்கேயே நின்று சுழலும். ஆட்டக்காரர்கள் இதை 'உறக்கம்' என்பார்கள். இலேசாகச் சுண்டினால் கயிறு அச்சைப் பற்றிக்கொள்ளும். யோயோ மேலே ஏறிவிடும். 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்கலத்தில் வீரர்கள் யோயோ ஆடிப் பார்த்தபோது அது உறங்கவே இல்லை. கயிற்றின் முனையில் அதை இழுத்துப் பிடித்து வைக்கப் புவியீர்ப்பின் விசை அங்கே உணரப்படாததே காரணம். அறிவியல் பாடத்தில் மனப்பாடம் செய்யும் ஒன்றைப் பிள்ளை இங்கே விரல் நுனியில் உணர்கிறது.

இவ்விளையாட்டுகளால் மூளை வளரும், தேர்வில் புள்ளிகள் கூடும் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2004-இல் ஜெர்மனிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்க மூன்று மாதம் பழகிய இளைஞர்களின் மூளையில், அசைவைக் கண்டறியும் பகுதி சற்றே விரிவடைந்திருந்தது. பயிற்சியை நிறுத்திய மூன்று மாதத்தில் அந்த விரிவு குறைந்துவிட்டது. பழகினால் மூளை மாறும், விட்டுவிட்டால் அந்த மாற்றமும் குறையும் என்பதுதான் இதிலிருந்து தெரிவது. கணிதப் புள்ளிகளைப் பற்றி அந்த ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை.

உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. கெண்டாமாவில் பந்து கிண்ணத்தில் விழவில்லை என்றால், ஏன் விழவில்லை என்பது அடுத்த நொடியே தெரிந்துவிடுகிறது. முழங்காலை மடக்காமல் விறைப்பாக நின்றால் பந்து துள்ளி வெளியே போகும். சற்றே மடக்கினால் மெல்ல அமரும். யாரும் திட்டுவதில்லை, சிவப்பு மையால் சுழிப்பதும் இல்லை. பிள்ளை தானே திருத்திக்கொண்டு மறுபடியும் எறிகிறது. ஐம்பது முறை தவறவிட்டுவிட்டு ஐம்பத்தோராம் முறை பிடிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் நம்பிக்கை கைத்தொலைபேசித் திரையில் கிடைக்குமா? துணைப்பாட வகுப்புகளுக்கு நடுவே, தவறு செய்ய அனுமதி உள்ள அரைமணி நேரம் அதற்கு வேண்டாமா?

பெற்றோர் சறுக்குவது வாங்கும்போதுதான். விலை கூடினால் தரமும் கூடும் என்று எண்ணிப் போட்டியாளர்கள் பயன்படுத்தும் யோயோவை வாங்கிவிடுகிறார்கள். அது வெறுமனே சுண்டினால் திரும்பாது. அதைத் திரும்ப வைக்கத் தனிப் பயிற்சி வேண்டும். பிள்ளை ஒரே நாளில் சலித்துப்போகும். புதிதாகப் பழகுபவருக்குச் சுண்டினால் திரும்பும் எளிய வகையே ஏற்றது. யோயோவைக் கயிற்றோடு தரைவரை தொங்கவிட்டு, தொப்புள் உயரத்துக்குச் சற்று மேலே கயிற்றை வெட்டி, விரலுக்கான வளையத்தை முடிந்து கொடுக்க வேண்டும். அந்த வளையம் நடுவிரலை இறுக்கி நிறம் மாற்றினால் உடனே கழற்றி ஓய்வு கொடுக்க வேண்டும். நூல் பிரிந்த கயிறு அறுந்து யோயோ முகத்தில் அடிக்கக்கூடும் என்பதால் கயிற்றை அடிக்கடி மாற்றுவது நல்லது. ஆணிப் பம்பரத்தை அடுக்குமாடி வீட்டுக்குள் விடாமல் கீழே திடலுக்குக் கொண்டுபோகலாம். தாத்தாவையும் கூட அழைத்துப் போனால் அபீட்டு சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கும்.