வானம் பார்த்த மேசை

ஆகஸ்ட் கடைசி வாரத்தில், விடிவதற்குச் சற்று முன், வளைகுடா நாடுகளில் பலர் தெற்கு அடிவானத்தில் ஒரு விண்மீனைத் தேடுவார்கள். நாம் அகத்திய நட்சத்திரம் என்று அறிந்திருக்கும் கானோபஸ்தான் அது. அவர்களுக்கு அது சுஹைல். சில மாதங்கள் கண்ணில் படாமல் இருந்த சுஹைல் மீண்டும் தலைகாட்டிவிட்டால், வெயிலின் கொடுமை ஓய ஆரம்பித்துவிட்டது என்று கணக்கு. மீனவர்களும் பேரீச்சை விவசாயிகளும் அந்த நாளிலிருந்து பத்துப் பத்து நாட்களாக எண்ணிப் பருவத்தை அளந்தார்கள். 'துரூர்' என்பது அந்த நாட்காட்டியின் பெயர்.

எண்ணிக்கை நூறைத் தொடும்போது டிசம்பர் பிறந்திருக்கும். ஜூலை நள்ளிரவிலும் 30 டிகிரியை விட்டு இறங்காத துபாய், ஜனவரிப் பகலில் 24 டிகிரி அளவிலேயே நின்றுவிடும். இரவில் 14, 15 வரை இறங்கும். கராமா பகுதியின் சின்னச் சின்ன கஃபடேரியாக்கள் வாசலில் நாற்காலி போடும். பெரிய உணவகங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேசைகளை இறக்கும். அல் குத்ரா ஏரிகளின் பக்கம் குடும்பங்கள் கரி அடுப்போடு போய் இறங்கும். கோடை முழுக்க மூடிக் கிடக்கும் குளோபல் வில்லேஜில் கூட்டம் அலைமோதும். முஹைஸ்னாவில், இந்தியர்கள் சோனாப்பூர் என்று அழைக்கும் தொழிலாளர் குடியிருப்புகளில், அறைக்குள் கட்டிலில் அமர்ந்து சாப்பிட்டவர்கள் தட்டோடு வெளியே வருவார்கள்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கும் நாடு ஐக்கிய அரபு அமீரகம். அங்கே வெட்டவெளியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பணக்காரர்களின் உல்லாசமாக மட்டும் நான் பார்க்கவில்லை. அடைபட்டுக் கிடந்த ஓர் ஊரே வெளியில் வந்து மூச்சு விடும் காலம் அது.

ஆனால் அந்த மேசையில் அமர்ந்திருப்பவருக்குக் குளிர்கிறதா, இதமாக இருக்கிறதா என்பதைக் கைபேசி காட்டும் வெப்பநிலை பாதிதான் சொல்லும். தலைக்கு மேல் என்ன இருக்கிறது, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதில்தான் மீதி இருக்கிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். செரிமானத்துக்கே ஆற்றல் செலவாகிறது என்பதால், உண்ட உணவின் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெப்பமாகவே வெளிவருகிறது. இறைச்சி போன்ற புரத உணவில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். வெயில் நாளில் பிரியாணி இறங்க மறுப்பதும் குளிர் நாளில் அதே பிரியாணி இரண்டாம் முறை பரிமாறச் சொல்வதும் வெறும் மனநிலை அல்ல.

இந்த வெப்பத்தை வெளியேற்றக் கோடையில் உடலுக்கு வியர்வையை விட்டால் வேறு வழி இல்லை. பாரசீக வளைகுடாவோ ஆழமற்ற கடல், சராசரி ஆழம் 35 மீட்டர் அளவுதான். கோடையில் அதன் மேற்பரப்பு 33 டிகிரிக்கு மேல் சூடாகி, காற்றை நீராவியால் நிரப்பிவிடும். அந்த நாட்களில் கரையோரக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் 25 கிராமுக்கு மேல் நீராவி இருப்பதுண்டு. அதில் வியர்வை வழியும், உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. ஜனவரி இரவில் அதே காற்றில் சுமார் 10 கிராம் நீராவிதான் இருக்கும். இரண்டு பருவங்களிலும் கைபேசி ஈரப்பதம் 75 சதவீதம் என்றே காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பி ஏமாற வேண்டாம். குளிர்ந்த காற்றால் கொஞ்சம் நீராவியைத்தான் தாங்க முடியும் என்பதால், பத்துக் கிராமிலேயே அது முக்கால் பங்கு நிறைந்துவிடுகிறது.

நீராவி குறைவதால் வியர்வைக்கு மட்டும் நன்மை என்று நினைக்க வேண்டாம். பூமியைச் சுற்றிய போர்வையும் மெலிகிறது. மணல், கட்டடம், மேசை, மனிதர் என எல்லாமே இரவும் பகலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை உமிழ்கின்றன. காற்றிலுள்ள நீராவி அதில் பெரும்பகுதியைப் பிடித்துத் திருப்பி அனுப்பும். ஆனால் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையான அலைநீளங்களை உலர்ந்த, மேகமற்ற காற்று ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. நம் உடல் அதிகமாக உமிழ்வதும் இதே அலைநீளங்களில்தான். ஆகவே வெட்டவெளியில் அமர்ந்திருப்பவரின் தலையும் தோளும் தொடையும் நேரே விண்வெளியை நோக்கி வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. பதிலுக்கு வானிலிருந்து வருவது மிகக் குறைவு. காற்று 18 டிகிரியாக இருக்கும் தெளிந்த குளிர்கால இரவில், வானம் இரண்டு மூன்று டிகிரியில் இருக்கும் ஒரு கூரையைப் போலவே உடலுக்குப் படும். 15 டிகிரி வித்தியாசம்!

அதனால்தான் ஒரே உணவகத்தில், ஒரே காற்றில், குடைக்குக் கீழே இருப்பவர் நிம்மதியாகச் சாப்பிட, இரண்டடி தள்ளித் திறந்த வானத்தின் கீழ் இருப்பவர் சால்வை தேடுகிறார். கராமாவில் இரவு பத்து மணிக்கும் அரைக்கைச் சட்டையோடு கரக் தேநீர் குடிக்க முடிவதற்கும் இதே காரணம். அங்கே நாலாபுறமும் நிற்கும் கட்டடங்கள் வானத்தின் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, பகலில் வாங்கிய வெப்பத்தைக் கான்கிரீட் மெல்ல மெல்லத் திருப்பித் தருகிறது. 20 டிகிரிக்கு மேல் இருக்கும் கடலும் கரையோர நகரை அதிகம் குளிரவிடாது. உள்நாட்டுப் பாலைவனத்துக்கு இந்தத் துணை எதுவும் இல்லை. அல் ஐன் அருகேயுள்ள ரக்னா போன்ற இடங்களில், துபாய் கடற்கரையில் இதமாக இருக்கும் அதே இரவில், பாதரசம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும்.

இதைப் பாலைவன மக்கள் இயற்பியல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வளைகுடாவின் மறுகரையில் ஈரானியர்கள், இரவு வானத்துக்குத் திறந்த ஆழமற்ற தொட்டிகளில் தண்ணீர் விட்டுப் பனிக்கட்டியாக்கி, 'யக்சால்' என்னும் தடித்த சுவர்க் குவிமாடங்களில் கோடைவரை சேமித்தார்கள். நம் நாட்டிலும் அலகாபாத் பக்கம் வைக்கோல் பரப்பிய குழிகளில் ஆழமற்ற மண்சட்டிகளை வைத்து இரவில் பனிக்கட்டி எடுத்திருக்கிறார்கள். அந்த முறையை விவரித்து ராபர்ட் பார்க்கர் எழுதிய கட்டுரை 1775இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. காற்று உறைநிலைக்கு வராத இரவிலும் தண்ணீர் உறைந்தது என்பதுதான் அதில் வியப்பு.

பாலைவன நாடோடிகளான பதூயின்களின் ஆட்டுமயிர்க் கூடாரம் இந்த வானத்துக்குக் கொடுத்த பதில். பகலில் நிழல் தருவது எல்லோருக்கும் தெரியும். இரவில் அது குளிர்ந்த வானத்துக்கும் மனித உடலுக்கும் நடுவே நின்று மறைக்கிறது. தரையில் கம்பளியும் திண்டும் போட்டு அமரும் மஜ்லிஸ் வழக்கத்திலும் இதே அறிவு இருக்கிறது. தரையோரம் காற்றின் வேகம் குறைவு, கம்பளி வெப்பத்தை எளிதில் கடத்தாது. நவீன உணவகங்களின் இரும்பு நாற்காலி இந்த இரண்டு நன்மைகளையும் இழந்துவிட்டது என்பேன்.

இனி காலுக்குக் கீழே. உலர்ந்த மணல் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். மணல் துகள்களுக்கு இடையில் காற்று இருப்பதும் ஈரம் இல்லாததும் காரணம். பகல் முழுக்கச் சூரியன் காய்ந்தாலும் வெப்பம் சில அங்குல ஆழத்துக்குத்தான் இறங்கும். சூரியன் மறைந்ததும் அந்த மெல்லிய அடுக்கு வானத்துக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துத் தீர்த்துவிடும். கீழிருந்து ஈடுசெய்ய எதுவும் வராது. மாலையில் இதமாக இருந்த மணல் ஒன்பது மணிக்குள் சில்லென்று ஆவது இதனால்தான். ஒரு முழம் தோண்டிப் பார்த்தால் அங்கே பகலும் இல்லை, இரவும் இல்லை. வெப்பநிலை நாள் முழுக்க ஏறக்குறைய ஒன்றே.

மேலே உட்கார்ந்திருப்பவரைக் குளிரவைக்கும் இதே குணம், கீழே புதைத்த இறைச்சியைச் சூடாக வைத்திருக்கிறது. 'ஸர்ப்' என்னும் பதூயின் சமையலில், குழிக்குள் தணலை இட்டு, மசாலா தடவிய ஆட்டிறைச்சியை வைத்து மூடி, மேலே மணலைக் கொட்டிவிடுவார்கள். மணல் வெப்பத்தை வெளியே விடாது. சில மணி நேரத்தில் எலும்பிலிருந்து இறைச்சி தானே கழன்று வரும். ஏமன் நாட்டிலிருந்து வந்து துபாயில் வேரூன்றிய மந்தியும் இப்படிக் குழி அடுப்பில் பிறந்த உணவுதான்.

ஆனால் தட்டுக்கு வந்த பிறகு நேரம் குறைவு. ஆட்டுக் கொழுப்பு 40 டிகிரிக்குச் சற்று மேலேயே உறையத் தொடங்கிவிடும். விரித்துப் பரப்பிய சோறு, குளிர்ந்த உலோகத் தட்டு, மெல்லிய காற்று மூன்றும் சேர்ந்தால் சில நிமிடங்களில் நாக்கில் மெழுகு ஒட்டும். மந்தியைப் பெரிய தாம்பாளத்தில் குவித்து, பலர் சுற்றி அமர்ந்து உண்பதில் ஒரு வெப்பக் கணக்கும் இருக்கிறது. குவியலுக்குப் பருமன் அதிகம், காற்றுபடும் பரப்பு குறைவு. தேநீருக்கும் இதே கதைதான். சூடான பானம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு ஆவியாகப் போவது. ஆகவே கரக் கோப்பைக்கு மூடி போட்டாலே பாதி வேலை முடிந்தது.

எப்போது போய் உட்காரலாம்? பகலில் கடலிலிருந்து வரும் காற்று சூரியன் மறைந்ததும் தளரும். பாலைவனத்திலிருந்து கடலை நோக்கி வரும் குளிர்காற்று எழ இரவு முதிர வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட அமைதியான சில மணி நேரமே சாப்பாட்டுக்கு ஏற்றது. வடமேற்கிலிருந்து ஷமால் காற்று வீசும் நாட்களில் இந்தக் கணக்கு செல்லாது; அன்று உள்ளே சாப்பிடுவதே மேல். நள்ளிரவுக்குப் பின் வெறும் மேசைகள் மழையில்லாமலே நனைந்திருக்கும். வானத்துக்கு வெப்பத்தை இழந்த உலோகப் பரப்பு காற்றைவிடக் குளிர்ந்து, பனித்துளியை வரவழைத்துவிடுகிறது.

பல உணவகங்கள் காளான் வடிவ எரிவாயு ஹீட்டர்களை நிறுத்தி வைக்கின்றன. ஒன்றின் திறன் 13 கிலோவாட் அளவில் இருக்கும். மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிவாயு தேவை. நம் வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் அதற்கு மூன்று மாலைக்குத்தான் தாங்கும். அதன் கதிர் பார்த்த பக்கத்தைச் சுடும், முதுகை விட்டுவிடும். சூடான காற்றோ மேலே போய்விடும். பிரான்ஸ் 2022இல் உணவகத் திறந்தவெளிகளில் ஹீட்டர் வைப்பதைத் தடை செய்தது. 15 டிகிரிக் குளிருக்கு, தலைக்கு மேல் ஒரு துணிக்கூரையும் தோளில் ஒரு கம்பளிச் சால்வையும் போதும். இந்த ஹீட்டர்கள் வீண்.

வீணானதோடு நில்லாமல் உயிரைக் குடிக்கும் வழக்கம் ஒன்றும் உண்டு. திறந்தவெளியில் கோழி சுட்டுச் சாப்பிட்ட பிறகு, குளிர் ஏறியதும், தணல் மிச்சமிருக்கும் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ, அறைக்குள்ளோ, வேனுக்குள்ளோ எடுத்துச் செல்வது. சுடர் அடங்கிய கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும். தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து பலர் எழுவதில்லை. ஜன்னலை ஒருக்களித்துத் திறந்து வைப்பது பாதுகாப்பு ஆகாது.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ கணவரோ தம்பியோ அங்கே இருந்தால், அடுத்த முறை அழைக்கும்போது இதைச் சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்ததும் கரியைத் தண்ணீர் ஊற்றி முழுக்க அணைக்க வேண்டும். அடுப்பை எந்தக் கூரைக்கும் கீழே கொண்டுபோகக் கூடாது. குளிருக்கு இன்னொரு போர்வை வாங்கிக்கொள்ளட்டும். உடன் இருப்பவர் மயங்கினால் முதலில் அவரைத் திறந்தவெளிக்குத் தூக்கி வந்துவிட்டு 998க்கு அழைக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆம்புலன்ஸ் எண் அதுதான்.