உங்களுக்குத் தெரியுமா? கொரோனா காலத்தில் வந்த புயல்

2011 டிசம்பர் 30-ல் கடலூரைச் சூறையாடிய ‘தானே’ புயல், பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன.

அதன் பிறகு, 2013-ல் தமிழகம், புதுச்சேரிக் கடலோரப் பேரிடர்த் தணிப்புக்கு உலக வங்கி 23.6 கோடி டாலர் கொடுத்தது. நன்கொடை என்று நினைத்துவிட வேண்டாம், கடன்தான். கடலோரக் கிராமங்களில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டுவதும், கடலூர் நகரில் தலைக்கு மேல் தொங்கிய மின்கம்பிகளைப் புதைவடமாக்குவதும் இந்தக் கடனில் நடந்த திட்டத்தின் வேலைகளாக இருந்தன.

2020 மே மாதம், கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களிடையே தொற்று பரவி, கடலூர் மாவட்டம் திணறியது. நவம்பரில் ‘நிவர்’ புயல் நெருங்கியபோது பழைய கணக்கு உதவவில்லை. புயலுக்கு ஒதுங்குபவர்களை ஒரே கூடத்தில் நெருக்கி உட்காரவைப்பதுதான் வழக்கம். கொரோனாவோ விலகி உட்காரச் சொன்னது! ஆக, தங்கவைக்க இடமும் கூடுதலாக வேண்டும், முகக்கவசமும் வேண்டும், காய்ச்சல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நிவர் நவம்பர் 25 நள்ளிரவையொட்டிப் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. அடுத்த வாரமே ‘புரெவி’. அந்த மழையில் சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது.