மனச்சோர்வும் மருந்தும்

தென்காசிக்கு அருகே ஓங்கி நிற்பது குற்றால மலை. அங்கு வீழும் அருவியில் நீராடினால் பித்தம் தெளியும் என்பது மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. அருவி நீர் உடலுக்குக் குளிர்ச்சியையும் உள்ளத்திற்குக் கிளர்ச்சியையும் தரும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மனச்சோர்வு என்னும் நோய் நீராடுதலால் மட்டும் தீர்வதன்று.

துன்பம் நேர்ந்தபோது வருந்துதல் மனித இயல்பு, அது நோயாகாது. வாரக்கணக்காக உள்ளம் இருண்டு, உறக்கம் கெட்டு, உணவில் விருப்பம் குன்றி, வாழ்வே சுமையாகத் தோன்றுமாயின் அது நோயாகும். அதனைச் சோம்பல் என்று இகழ்தல் பெருந்தவறு.

இந்நோய்க்கு மருந்து தற்செயலாகவே கிடைத்தது. 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காசநோயாளருக்கு இப்ரோனியாசிட் என்னும் மருந்தைக் கொடுத்தனர். அவர்கள் எதிர்பாராத உற்சாகம் கொண்டதை மருத்துவர்கள் கண்டனர். அதன்பின் பல மருந்துகள் தோன்றின. அவற்றுள் ஃப்ளுஆக்செட்டின் என்பது 1987-இல் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது.

அஃது எவ்வாறு வேலை செய்கிறது? நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அணுக்களுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. செரட்டோனின் முதலிய வேதிப்பொருள்கள் அவ்விடைவெளியைக் கடந்து செய்தி உரைக்கின்றன. பின்னர், அனுப்பிய அணுவே அவற்றை மீட்டுக்கொள்கிறது. ஃப்ளுஆக்செட்டின் அம்மீட்பைத் தடுக்கிறது. சிற்றாற்றுப் பாசன வயலில் வடிகாலை அடைத்தால் நீர் தங்குவதுபோல, செரட்டோனினும் இடைவெளியில் மிகுதியாகத் தங்குகிறது.

நீர் தங்கிய அன்றே பயிர் தழைப்பதில்லை அன்றோ? மருந்தின் வேலை சில மணி நேரத்தில் தொடங்கினும், சோர்வு தணியப் பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்கள் ஆகும். இதற்குள் நரம்பணுக்களின் இணைப்புகளில் மெல்ல மாறுதல் நிகழ்கிறது என அறிஞர் கருதுவர். ஆகவே, செரட்டோனின் குறைவு ஒன்றே நோய்க்குக் காரணம் என்றல் பொருந்தாது.

இவ்வுண்மையை அறியாதார், முதல் வாரத்தில் தோன்றும் குமட்டலுக்கு அஞ்சியோ, பயனில்லை என்று சலித்தோ மருந்தைக் கைவிடுகின்றனர். நலமுற்ற பின்னும் மருத்துவரைக் கேளாது திடீரென நிறுத்துதல் ஆகாது. ஒருவர்க்கு ஏற்ற மருந்து மற்றவர்க்கு ஏற்காமலும் போகலாம். மருந்து தொடங்கும் இளைஞரை மருத்துவரும் வீட்டாரும் கருத்துடன் கவனித்தல் வேண்டும். தக்க மருத்துவருடன் மனம்விட்டுப் பேசுதலும் ஒரு சிகிச்சையே. 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

காய்ச்சல் கண்டால் மருத்துவரை நாடுகிறோம். மனம் நோயுற்றபோது நாடுவதற்கு நாணுவானேன்? நோயுற்றாரைப் பழியாது, பொறுமையுடன் துணைநிற்றலே மாந்தர் கடமையாகும்.